மாத்திரை சாப்பிட்டவர் மேல் வழக்கு இல்லை. கொண்டு வந்து கொடுத்தவர் மேல்?

கேள்வி: வணக்கம் மேடம். நானும் என் கணவரும் டெக்சாஸ் மாநிலம் பிளானோவில் இருக்கிறோம். சொந்த ஊர் திண்டுக்கல். அவருக்கு வேலை விசாவான எச்-1பி, எனக்கு அவர் மனைவி என்ற முறையில் எச்-4. ஒன்பதாவது வார ஸ்கேனில் குழந்தைக்கு இதயத் துடிப்பு நின்றுவிட்டது என்று சொன்னார்கள். டாக்டர் மிசோப்ரோஸ்டால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் கணவர் மருந்துக் கடைக்குப் போனபோது யாருக்கு, எதற்கு என்று கேட்டு, டாக்டரிடம் பேசிய பிறகுதான் தருவோம் என்று மறுநாள் வரை இழுத்தடித்தார்கள். ரிப்போர்ட்டில் ‘மிஸ்ட் அபார்ஷன்’ என்று போட்டிருக்கிறது. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில், ‘கருக்கலைப்பு மாத்திரை வாங்கிக் கொடுத்தால் ஒரு லட்சம் டாலர், யார் வேண்டுமானாலும் கேஸ் போடலாம்’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அதைப் படித்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. மாத்திரையை வாங்கி வந்தது அவர்தானே? விசாவுக்கு ஏதாவது ஆகுமா?

இன்னொரு விஷயம். மூன்று வாரத்தில் ஊரிலிருந்து அம்மா வருகிறார். பக்கத்து பிளாக்கில் இருக்கும் தோழி, இப்போது குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறாள். ‘உங்கள் அம்மா வரும்போது ஒரு கருக்கலைப்பு மாத்திரை கிட் வாங்கி வரச் சொல்ல முடியுமா?’ என்று கேட்கிறாள். அம்மாவும் சரி என்கிறார். செய்யலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

குழந்தை போன துக்கத்தை ஆற அமர அழக்கூட விடாமல் ஒரு வாட்ஸ்அப் செய்தி உங்கள் இருவரையும் அலைக்கழித்திருக்கிறது. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் செய்தி சொல்லும் டெக்சாஸ் சட்டத்தின் கீழ் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. உங்கள் கணவர் செய்தது சட்டம் தடுக்கும் செயலே இல்லை. விசாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அம்மா உங்கள் தோழிக்காக மாத்திரை கொண்டு வருவது வேண்டவே வேண்டாம். இன்று ராத்திரி இந்த நான்கு வரியை மட்டும் உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். டெக்சாஸ் சட்டமன்றம் 2025 செப்டம்பரில் ஹவுஸ் பில் 7 என்ற மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்டார். 2025 டிசம்பர் 4 முதல் அது அமலில் இருக்கிறது. கருக்கலைப்பு மாத்திரையை டெக்சாஸில் தயாரிப்பது, விநியோகிப்பது, தபாலில் அனுப்புவது, எடுத்துச் செல்வது, ஒருவர் கையில் கொண்டு சேர்ப்பது, எழுதிக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் அது தடை செய்கிறது. மீறியவர் மேல் தனி மனிதர் யாரும் சிவில் வழக்குத் தொடரலாம். வழக்குப் போடுகிறவர் தனக்கு என்ன நஷ்டம் என்று காட்ட வேண்டியதில்லை. ஜெயித்தால் ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 1,00,000 டாலர். இதுவரை உங்கள் குழுவில் வந்தது சரிதான்.

விட்டுப்போன பாதிதான் உங்களுக்கு வேண்டியது. மாத்திரை சாப்பிட்ட பெண் மேல் வழக்குப் போடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. கருக்கலைப்பு தவிர்த்த வேறு காரணத்துக்காக அந்த மாத்திரையை வைத்திருப்பதும் கொடுப்பதும் தடைக்குள் வராது. கருச்சிதைவு, கருக்குழாய்க் கர்ப்பம், உயிருக்கு ஆபத்தான அவசர நிலை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. கருக்கலைப்புக்கும் பயன்படும் மிசோப்ரோஸ்டால் முதலில் வயிற்றுப் புண்ணுக்கு வந்த மாத்திரை. பிரசவ வலி வர வைக்கவும், பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்தவும் டெக்சாஸ் மருத்துவமனைகளில் இன்றைக்கும் பயன்படுகிறது. அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்றால் பிரசவ வார்டையே மூட வேண்டியிருக்கும்.

ரிப்போர்ட்டில் இருக்கும் ‘மிஸ்ட் அபார்ஷன்’ பற்றி. தானாகவே உயிர் நின்று, கரு உள்ளேயே தங்கிவிட்ட நிலையை மருத்துவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். டெக்சாஸ் சட்டம் கருக்கலைப்பு என்பதற்குக் கொடுக்கும் வரையறையில், தானாகச் சிதைந்து இறந்துபோன கருவை வெளியேற்றுவது சேராது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கருக்குழாய்க் கர்ப்பத்தை அகற்றுவதும் அப்படியே. ஆகவே உங்களுக்கு நடந்தது சட்டத்தின் கண்ணில் கருக்கலைப்பே இல்லை. உங்கள் கணவர் வாங்கி வந்தது உங்கள் பெயரில், உங்கள் டாக்டர், கருச்சிதைவுக்காக எழுதிய மருந்து. அவர் மேல் யாராவது வீம்புக்கு மனு போட்டாலும் ஸ்கேன் ரிப்போர்ட்டின் முன் அது நிற்காது.

சரி, அப்படியானால் மருந்துக் கடையில் ஏன் இழுத்தடித்தார்கள்? பயம்தான். ஹவுஸ் பில் 7 வருவதற்கு முன்பே டெக்சாஸில் சட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுவிட்டன. 2022 ஆகஸ்ட் 25 முதல் அமலில் இருக்கும் முழுத் தடைச் சட்டத்தில், கருக்கலைப்பு செய்தவருக்கு 5 முதல் 99 ஆண்டு அல்லது ஆயுள் வரை சிறை. அதோடு குறைந்தது 1,00,000 டாலர் சிவில் அபராதம். இந்த அபராதத்தை வசூலிப்பது மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல். இந்தப் பழைய ஒரு லட்சமும் புதுச் சட்டத்தின் ஒரு லட்சமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். பழையதில் பணத்தைக் கேட்பது அரசாங்கம். புதியதில் கேட்பது தனி மனிதர். கடைக்காரருக்கு இரண்டும் தலைக்கு மேல் தொங்குகின்றன. ஆகவே சீட்டில் மிசோப்ரோஸ்டால் என்று பார்த்ததும் டாக்டருக்கு ஃபோன் போட்டு உறுதி செய்கிறார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் உள்ளே இறந்த கருவோடு ஒரு பெண்ணை ஒரு நாள் முழுக்கக் காக்க வைப்பது எவ்வளவு கொடுமை என்பதை இந்தச் சட்டங்களை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அதில் கோபம் உண்டு.

இப்படி ஒரு நிலை இனி உங்களுக்கு வரக் கூடாது. தெரிந்தவர் யாருக்காவது வந்தால், நோயின் குறியீட்டை மருந்துச் சீட்டிலேயே எழுதச் சொல்லி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் நிலைக்கு அது O02.1. கடைக்காரர் அதைப் பார்த்தாலே பெரும்பாலும் கேள்வி முடிந்துவிடும். இல்லாவிட்டால் டாக்டரின் அலுவலகத்திலிருந்தே கடைக்குப் பேசச் சொல்லலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. வழக்குப் பயத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடும் பெண்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய பேடு நனைகிற மாதிரி இரண்டு மணி நேரம் தொடர்ந்து ரத்தம் போனாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். 1986-இல் வந்த ஃபெடரல் சட்டப்படி, எமர்ஜென்சிக்கு வருபவரைப் பரிசோதிக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. காப்பீடு இருக்கிறதா, விசா என்ன என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2025-இல் டெக்சாஸ் நிறைவேற்றிய செனட் பில் 31, உயிருக்கு ஆபத்து நெருங்கி நிற்கும்வரை டாக்டர் காத்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியிருக்கிறது. அங்கே போய் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை என்று தெரிந்தால்தான் அவர்களால் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருச்சிதைவு ஒரு மருத்துவ நிகழ்வு. எச்-4 நீட்டிப்புக்கோ கிரீன் கார்டுக்கோ விண்ணப்பிக்கும்போது கைது, குற்றத் தண்டனை பற்றித்தான் கேட்பார்கள். உங்களுக்கு இரண்டும் கிடையாது. ஹவுஸ் பில் 7-இல் ஒருவர் தோற்றால்கூட அது சிவில் தீர்ப்பு. குற்றத் தண்டனை ஆகாது. 2022 சட்டத்தின் கீழ் வரும் கிரிமினல் வழக்கு வேறு விஷயம். அதில் தண்டனை பெற்றால் குடியுரிமை இல்லாதவர் இங்கே தொடர்ந்து இருப்பதே கேள்விக்குறியாகும். அம்மா கொண்டு வரும் மாத்திரையைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன், இந்தச் சட்டம் ஏன் வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. பிளானோ இருக்கும் காலின் கவுன்டியிலேயே (கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) அதற்குக் காரணமான வழக்கு ஒன்று நடந்தது. 2024-இல் அங்கே ஓர் இளம்பெண் ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்குப் போனார். அவரோடு இருந்தவர் வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தபோது மாத்திரை கிடைத்தது என்கிறது மாநிலத்தின் மனு. மாத்திரையை எழுதிக் கொடுத்தவர் நியூயார்க் மருத்துவர் மார்கரெட் கார்ப்பெண்டர். டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் 2024 டிசம்பரில் அவர் மேல் சிவில் வழக்குப் போட்டார். மருத்துவர் ஆஜராகவில்லை. 2025 பிப்ரவரியில் காலின் கவுன்டி நீதிபதி 1,00,000 டாலர் அபராதமும் வழக்குச் செலவும் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தார்.

தீர்ப்பு வந்தும் பணம் வரவில்லை. நியூயார்க்கில் இப்படிப்பட்ட மருத்துவர்களைக் காக்க ஒரு கேடயச் சட்டம் இருக்கிறது. 2025 மார்ச்சில் அந்தத் தீர்ப்பைப் பதிவு செய்யக் கேட்டபோது, நியூயார்க்கின் அல்ஸ்டர் கவுன்டியில் பதிவு அதிகாரியான கிளார்க் டெய்லர் பிரக் முடியாது என்று மறுத்துவிட்டார். லூசியானா அதே மருத்துவர் மேல் கிரிமினல் வழக்குப் போட்டு அவரை ஒப்படைக்கச் சொன்னது. நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோக்கல் அதையும் மறுத்தார். டெக்சாஸில் முழுத் தடை இருந்தும் மாத்திரை தபாலில் வந்துகொண்டே இருக்கிறது, அனுப்புகிறவரைத் தொட முடியவில்லை என்பதுதான் ஹவுஸ் பில் 7-ஐக் கொண்டுவந்தவர்களின் வாதம். அரசாங்கத்தால் முடியாததைத் தனி மனிதர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இது டெக்சாஸுக்குப் புதிதும் இல்லை. 2021 செப்டம்பர் 1-இல் வந்த செனட் பில் 8, ஏறக்குறைய ஆறு வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்புக்கு உதவியவர் மேல் யாரும் வழக்குப் போடலாம், குறைந்தது 10,000 டாலர் என்று சொன்னது. அமல்படுத்த அதிகாரிகளே இல்லாததால், யாரை எதிர்த்து நீதிமன்றம் போவது என்பதே கேள்வியானது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எதிர்த் தரப்புக்குப் பெரும்பாலான கதவுகளை மூடிவிட்டது. அங்கே வேலை செய்த அதே ஏற்பாட்டைத்தான் பத்து மடங்கு தொகையோடு இப்போது மாத்திரைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். கருக்கலைப்பு சரியா தவறா என்பதில் நம் வீடுகளிலேயே ஆளுக்கொரு கருத்து உண்டு. அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒருவரின் வீட்டு விஷயத்தை இன்னொருவர் வழக்காக்கிப் பணம் பெறலாம் என்ற இந்த ஏற்பாடு எனக்கு உடன்பாடானது இல்லை. கோபம், பழி, விவாகரத்துச் சண்டை எல்லாவற்றுக்கும் அது ஆயுதமாகும்.

இப்போது தோழி விஷயம். அம்மா திண்டுக்கல்லில் மாத்திரை வாங்கி, பெட்டியில் வைத்து, பிளானோவில் தோழி கையில் கொடுத்தால், டெக்சாஸுக்குள் எடுத்து வந்ததும் அவர்தான், கொண்டு சேர்த்ததும் அவர்தான். கருக்கலைப்புக்காக என்று தெரிந்தே செய்வதால் விலக்கு எதுவும் பொருந்தாது. ஏற்பாடு செய்த உங்களையும் வழக்கில் இழுக்கலாம். பெண்ணுக்கு இருக்கும் பாதுகாப்பு அவளுடைய சொந்தக் கர்ப்பத்துக்கு மட்டும்தான். தோழியின் கர்ப்பத்தில் நீங்கள் வெளியாள். அது மட்டுமில்லாமல், அமெரிக்காவில் அனுமதி பெறாத வெளிநாட்டு மருந்தைக் கொண்டு வருவதே ஃபெடரல் சட்டப்படி பிரச்சினை. விசிட்டர் விசாவில் வருகிற அம்மாவை விமான நிலையத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் பாவம், அவரால் என்ன பதில் சொல்ல முடியும்?

ஊரில் மெடிக்கலில் கிடைக்கிறதே என்று அம்மா நினைக்கலாம். இந்தியாவிலும் இந்த கிட் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துதான். 1971 சட்டமும் 2021 திருத்தமும் கருக்கலைப்புக்குப் பதிவு பெற்ற மருத்துவர் வேண்டும் என்கின்றன. மாத்திரை முறைக்கு அங்கே ஒன்பது வாரம்தான் வரம்பு. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. உங்கள் தோழிக்கு ஸ்கேன் ஆகிவிட்டதா என்றே நீங்கள் எழுதவில்லை.

இன்னொன்றும் எழுதவில்லை. அவருடைய கணவருக்கு இது தெரியுமா? சட்டப்படி இதுதான் முக்கியமான கேள்வி. சம்பந்தமே இல்லாத மூன்றாம் மனிதர் வழக்குப் போட்டால் ஒரு லட்சத்தில் 10 சதவீதம்தான் அவர் கைக்கு வரும். மீதி ஓர் அறப்பணிக்குப் போய்விடும். கர்ப்பிணியோ, கர்ப்பத்துக்குக் காரணமானவரோ, நெருங்கிய உறவினரோ போட்டால் முழுத் தொகையும் அவர்களுக்கே. பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை செய்த ஆண் வழக்குப் போட முடியாது என்று தடை இருக்கிறது. மற்ற எந்தக் கணவரும் போடலாம். ஆகவே ஆபத்து, வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் முகம் தெரியாதவரைவிட வீட்டுக்குள் இருந்து வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

2023-இல் கால்வெஸ்டன் கவுன்டியில் நடந்ததைச் சொல்கிறேன். புதுச் சட்டம் வருவதற்கு முந்தைய வழக்கு அது. தன் முன்னாள் மனைவிக்கு மாத்திரை கிடைக்க உதவினார்கள் என்று சொல்லி ஒருவர் மூன்று பெண்கள் மேல் ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். மனுவோடு இணைத்த ஆதாரம், அந்தத் தோழிகள் ஒருவருக்கொருவர் அனுப்பிய மெசேஜ்களின் படங்கள். 2024 அக்டோபரில் பணம் எதுவும் கைமாறாமல் வழக்குக் கைவிடப்பட்டது. ஆனால் அந்தப் பெண்கள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் வக்கீல், நீதிமன்றம் என்று அலைந்தார்கள். அவர்களுடைய அந்தரங்கப் பேச்சு நாடு முழுக்கச் செய்தியானது.

ஆகவே தோழியோடும் அம்மாவோடும் இதைப் பற்றி ஏற்கெனவே மெசேஜ் அனுப்பியிருந்தால், எதையும் அழிக்காதீர்கள். வழக்கு வரலாம் என்று தெரிந்து அழித்தால் அதுவே தனிப் பிரச்சினையாகும். ‘இல்லை, என்னால் இதைச் செய்ய முடியாது’ என்று தெளிவாக ஒரு பதில் அனுப்புங்கள். அதுவும் பதிவில் இருக்கட்டும்.

அதற்காகத் தோழியைக் கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அவரோடு பேசலாம், ஆறுதல் சொல்லலாம், சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கலாம். பேச்சுரிமைக்குள் வருவதை ஹவுஸ் பில் 7 தொடவில்லை. கருக்கலைப்பு சட்டப்படி நடக்கும் நியூ மெக்சிகோ போன்ற மாநிலத்துக்கு அவர் போய் டாக்டரைப் பார்ப்பதை டெக்சாஸ் குற்றமாக்கவில்லை. அழைத்துப் போகிறவர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். லபக் கவுன்டி போன்ற சில இடங்களில், தங்கள் சாலை வழியாகக் கருக்கலைப்புக்கு ஒருவரை அழைத்துப் போனால் வழக்குப் போடலாம் என்று உள்ளூர் விதி போட்டிருக்கிறார்கள். அமரில்லோ நகரத்தில் 2024 நவம்பரில் அப்படி ஒரு விதியை வாக்காளர்களே தோற்கடித்தார்கள். காரில் கிளம்புவதற்கு முன் டெக்சாஸில் பதிவு பெற்ற ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடச் சொல்லுங்கள். இந்தப் பதிலை அவருடைய நிலைமைக்கான சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் சொல்லாத விவரங்கள் நிறைய இருக்கின்றன. எந்த முடிவானாலும் நாள் கடத்த வேண்டாம். மாத்திரை முறைக்கு அமெரிக்காவில் பத்து வாரம்தான் வரம்பு. அம்மா வரும்வரை மூன்று வாரம் காத்திருந்தால் அதுவே கடந்துவிடலாம். இந்த வாரத்திலேயே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக்கு ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டின் நகல், கடை ரசீது நான்கையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். டாக்டர் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருப்பார். உடம்பு தேறிவிட்டது என்று அதை விட்டுவிடாதீர்கள். போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். அவருக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் அந்த டாக்டரிடமே நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.